வெனம் (VENOM) என்ற பாதுகாப்பு ஓட்டையை எதிர்கொண்ட அனுபவம் உங்களுக்கு உண்டா?

2015 மே 13 அன்று வெனம் செய்தி வெளியானபோது நான் ஒரு ஹோஸ்டிங் நிறுவனத்தில் கேவிஎம் சர்வர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன் (ஒரே சர்வரில் பல மெய்நிகர் கணினிகளை, அதாவது விஎம்களை, ஓட்டுபவை). ஓட்டை இருந்தது, விஎம்முக்கு வன்பொருள்களைப் போலியாகக் காட்டும் க்யூஎம்யூ மென்பொருளின் ஃப்ளாப்பி கன்ட்ரோலரில். முதலில் ஆபீஸில் எல்லோரும் சிரித்தோம். ஃப்ளாப்பியைக் கண்ணால் பார்த்தே எத்தனை காலம் ஆயிற்று!

விவரம் படித்ததும் சிரிப்பு நின்றுபோனது. விஎம்மிலிருந்து வரும் கட்டளைகளை அந்த கன்ட்ரோலர் 512 பைட் பஃபரில் (தற்காலிக நினைவிடத்தில்) வாங்கி வைக்கும். கட்டளை முடிந்ததும் மறுபடி முதல் இடத்திலிருந்து எழுத வேண்டும். இரண்டு கட்டளைகளில் மட்டும் அது நடக்காமல், எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. விஎம்முக்குள் ரூட் (முழு நிர்வாக) அனுமதி உள்ள ஒருவர் பைட்டுகளைத் தள்ளிக்கொண்டே இருந்தால், பஃபர் வழிந்து ஹோஸ்டில் (விஎம்களைத் தாங்கும் நிஜ சர்வரில்) ஓடும் க்யூஎம்யூ புராசஸின் நினைவகத்தில் கைவைக்கலாம். 2004 முதல் இருந்த பிழை! க்ரௌட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் ஜேசன் கெஃப்னர் கண்டுபிடிக்கும்வரை யார் கண்ணிலும் படவில்லை. ஃப்ளாப்பியே வேண்டாம் என்று கான்ஃபிகில் எழுதியிருந்தாலும் பயனில்லை; வேறொரு பிழையால் அந்தக் கோட் இயங்கிக்கொண்டுதான் இருந்தது.

பேட்ச் போடுவது சுலபம். அப்புறம்தான் ரோதனை. ஓடிக்கொண்டிருக்கும் விஎம்கள் பழைய க்யூஎம்யூவிலேயே ஓடும். உள்ளே இருந்து ரீபூட் செய்தாலும் புராசஸ் மாறாது. முழுக்க அணைத்துப் போட வேண்டும், இல்லையேல் பேட்ச் போட்ட ஹோஸ்டுக்கு லைவ் மைக்ரேட் செய்ய (ஓடும்போதே இடம் மாற்ற) வேண்டும். இதை வாடிக்கையாளர்களுக்குப் புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. "நான்தான் ரீபூட் பண்ணிட்டேனே தம்பி, இன்னும் எதுக்கு மெயில் அனுப்புறீங்க?" என்று ஒரு பெரியவர் சண்டைக்கே வந்துவிட்டார்.

மறுமொழி:

எங்களிடம் கேவிஎம்முக்குப் பதில் ஸென் என்ற மென்பொருள். பெரும்பாலும் பாராவிர்ச்சுவல் விஎம்கள் (போலி வன்பொருள் தேவைப்படாதவை), அவற்றுக்கு வெனம் பாதிப்பே இல்லை. போலி வன்பொருளை நம்பும் ஹெச்விஎம் வகை கொஞ்சம்தான், அன்று இரவே முடித்துவிட்டோம். என்னை உண்மையில் படுத்தியது 2014 செப்டம்பர் கடைசியில் வந்த ரீபூட். அப்போது நான் வாடகைக்கு எடுத்திருந்த கிளவுடில் காரணமே சொல்லாமல் தேதி மட்டும் குறித்து அனுப்பினார்கள். ஸென்னில் ஒரு விஎம் அடுத்தவர் நினைவகத்தை எட்டிப் பார்க்க முடியும் என்பது அக்டோபர் 1 அன்றுதான் வெளியே தெரிந்தது. ரகசியம் காத்தது சரிதான். ஆனால் டேட்டாபேஸை நிறுத்தச் சொல்லி மேனேஜரிடம் அனுமதி கேட்கப் போனவனுக்கு என்ன பதில்?

மறுமொழி:

கேவிஎம் பற்றி எழுதிய அண்ணா, எந்த விஎம் இன்னும் பழைய புராசஸில் ஓடுகிறது என்று எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?

மறுமொழி:

தம்பி, ஹோஸ்டின் ப்ராக் (/proc) டைரக்டரியில் அந்த புராசஸின் எக்ஸீ (exe) லிங்க்கைப் பாருங்கள். பேக்கேஜ் அப்டேட் ஆன பிறகும் பழையதில் ஓடினால் கடைசியில் 'டெலீட்டட்' என்று காட்டும். அந்தப் பட்டியலை வைத்துத்தான் ஒவ்வொன்றாக அடித்தோம். ஷட்டவுன் கூடவே கூடாது என்று அடம்பிடித்தவர்களுக்கு விர்ஷ் (virsh) கட்டளையில் மேனேஜ்ட்சேவ் கொடுத்து, விஎம்மின் நிலையை டிஸ்கில் சேமித்து, உடனே ஸ்டார்ட் செய்தோம். உள்ளே ஓடும் வேலை அப்படியே இருக்கும், க்யூஎம்யூ மட்டும் புதிதாகக் கிளம்பும். ரேம் அதிகமுள்ள விஎம் என்றால் டிஸ்கில் எழுதக் கொஞ்சம் நேரம் பிடிக்கும், இடம் இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.