புதுப்பிப்பு: நெல் தரிசுல உளுந்து, இந்த தடவை முளைச்சுது

போன வருஷம் நெல் அறுப்பு முடிஞ்சு தரிசா கிடந்த வயல்ல தெளிச்ச உளுந்து பாதி முளைக்கல, வந்ததுலயும் பூ கொட்டுதுன்னு இங்க கேட்டிருந்தேன்ல, பதில் போட்ட எல்லாருக்கும் நன்றி.

வேலை செஞ்சது, அறுப்புக்கு முன்னாடியே நிக்கிற நெல்லுக்குள்ள தெளிங்கன்னு ஒரு அண்ணன் சொன்னதுதான். மண்ணு மெழுகு பதம், அதாவது கால் வெச்சா தடம் பதியணும் ஆனா தண்ணி ஊறக்கூடாது, அந்த பதத்துல அறுப்புக்கு 5 நாள் முன்னாடி ஏக்கருக்கு 12 கிலோ, ரைசோபியம் (வேர்ல தழைச்சத்து சேர்க்குற நுண்ணுயிர் உரம்) விதையோட கலந்து தெளிச்சேன். நல்லா முளைச்சுது, தண்ணியே பாய்ச்சல, பனி ஈரத்துலயே வந்துடுச்சு.

பூ கொட்டுனதுக்கு 2 சதவீத டிஏபி (தழைச்சத்தும் மணிச்சத்தும் இருக்குற உரம்) கரைசல். ஏக்கருக்கு 4 கிலோவ ராத்திரி ஊற வெச்சு, தெளிஞ்ச தண்ணிய மட்டும் எடுத்து 200 லிட்டராக்கி, பூக்கும்போது ஒரு தடவை, 15 நாள் கழிச்சு ஒரு தடவை அடிச்சேன். வடிகட்டாம ஊத்தி நாசில் அடைச்சு ஒரு சாயங்காலம் போச்சு, அது என் அவசரம்.

எதிர்பாக்காதது அறுப்பு மெஷின். சக்கரம் போன தடத்துல மண்ணு இறுகி ஒண்ணுமே வரல, வயலுக்கு வகிடு எடுத்த மாதிரி இருக்கு. பள்ளத்துல தண்ணி நின்ன இடத்துல விதை அழுகிடுச்சு, அடுத்த தடவை அங்க முதல்லயே வடிச்சிடணும்.