தையல்காரிக்கு ஸ்க்ரோல் சா வருமா? (வண்ணாரப்பேட்டையிலிருந்து ஒரு கேள்வி)

எம்.சி. ரோடு தையல் எழுதியது:

வணக்கம். பழைய வண்ணாரப்பேட்டையில் 22 வருஷமாக பிளவுஸ், சுடிதார் தைக்கிறேன். மரவேலைக்கும் எனக்கும் இதுவரை இருந்த சம்பந்தம், கடை ஸ்டூல் ஆடினால் காலுக்கு அடியில் அட்டை மடித்து வைப்பதோடு சரி. போன மாதம் ஒரு வீடியோவில் யாரோ ஒருத்தர் ஸ்க்ரோல் சாவில் பலகையைத் திருப்பித் திருப்பி ஒரு மயிலை அறுத்து எடுத்தார், அதிலிருந்து மனசு அங்கேயே நிற்கிறது. ரம்பம் இருந்த இடத்திலேயே ஏறி இறங்குகிறது, பலகைதான் திரும்புகிறது. அட, ஊசி ஏறி இறங்க நாம் துணியைத் திருப்புகிற அதே வேலைதானே, நமக்கு வராமலா போய்விடும் என்று ஒரு தைரியம்.

செய்ய ஆசைப்படுவது இரண்டு. ஒன்று, வாசலில் மாட்டுகிற பெயர்ப்பலகை, எழுத்து எழுத்தாக அறுத்து ஒட்டியது. இதற்கு ஆர்டர்கூட வந்துவிட்டது, எங்கள் ஹவுஸ் ஓனரம்மா "முருகன் இல்லம்" என்று கேட்டிருக்கிறார் (வாடகையில் கழிப்பாரா என்று நான் கேட்கவில்லை). இன்னொன்று, அக்கா பேரனுக்கு அ, ஆ, இ, ஈ மர எழுத்துகள்.

இடம் மொட்டை மாடியில் ஒரு ஷீட் போட்ட அறை. பக்கத்து வீட்டுச் சுவரும் எங்கள் சுவரும் ஒன்றுதான், அதனால் சத்தம் ஒரு கவலை. தம்பி நியூ ஜெர்சியில் இருக்கிறான், டிசம்பரில் வரும்போது அங்கிருந்தே நல்ல மெஷின் கொண்டுவருகிறேன் என்கிறான். சரி என்று சொல்லிவிடலாமா? மரம் எது, எங்கே வாங்குவது? பிளேடில் வேறு ஏகப்பட்ட நம்பர் போட்டிருக்கிறார்களே, எது எதற்கு? திட்டுவதாக இருந்தாலும் திட்டிவிட்டு பதில் சொல்லுங்கள்.

காசிமேடு காத்து எழுதியது:

அக்கா, ஒரு ஜிக் சா வாங்கினால் வேலை முடிந்தது. விலையும் கம்மி, கையில் பிடித்துக்கொண்டு அறுத்துக்கொண்டே போகலாம். கோழிக்கூண்டு கதவு வரைக்கும் நான் அதில்தான் செய்தேன்.

பெரம்பூர் உளி எழுதியது:

கோழிக்கூண்டுக்கு ஜிக் சா சரி தம்பி, எழுத்துக்கு ஆகாது. அதில் பிளேடை மேலே மட்டும்தான் பிடித்திருக்கிறது, கீழ்நுனி சும்மா தொங்குகிறது, சின்ன வளைவில் திருப்பினால் நுனி ஒதுங்கிப் போய் மேலே ஒரு கோடும் கீழே ஒரு கோடுமாக அறுக்கும். ஸ்க்ரோல் சாவில் பிளேடை இரண்டு முனையிலும் தந்தி மாதிரி இழுத்துக் கட்டியிருக்கும். அதனால்தான் ஒரு மில்லிமீட்டர் அகலம்கூட இல்லாத பிளேடை வைத்துக்கொண்டு கிட்டத்தட்ட நின்ற இடத்திலேயே திரும்ப முடிகிறது.

அம்மா, நான் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் கார்பெண்டராக இருந்து ஓய்வு பெற்றவன். கேட்டதற்காகச் சொல்கிறேன், மெஷின் இப்போது வேண்டாம். முதலில் ஒரு ஃப்ரெட் சா வாங்குங்கள், யு மாதிரி வளைந்த சட்டத்தில் மெல்லிசு பிளேடு மாட்டியிருக்குமே, அது. ஒரு துண்டுப் பலகையில் வி வடிவத்தில் வாய் வெட்டி, மேஜை ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கிற மாதிரி கிளாம்ப் போட்டு, அந்த வாய்மேல் மரத்தை வைத்து அறுங்கள். பல் கீழ்நோக்கி இருக்க வேண்டும், கீழே இழுக்கும்போதுதான் வெட்டும். ஒரு மாதம் இப்படிக் கையால் அறுத்தால், எந்த இடத்தில் மரம் இடம் கொடுக்கிறது, எங்கே அடம் பிடிக்கிறது என்று கைக்குத் தெரிந்துவிடும். சத்தமும் இல்லை, பக்கத்து வீட்டுச் சண்டையும் இல்லை. ஒரு மாதத்தில் சலித்துவிட்டால் பெரிய நஷ்டமும் இல்லை.

அப்புறம் அந்தப் பெயர்ப்பலகை. எழுதிப் பார்த்தீர்களா? "முருகன் இல்லம்" என்றால் ன், ல், ம் என்று மூன்று புள்ளி வருகிறது. இங்கிலீஷ் பெயர் என்றால் பெரும்பாலும் எழுத்தை அறுத்தோம், முடிந்தது. நம் எழுத்தில் புள்ளி எதோடும் ஒட்டாமல் தனியாக நிற்கிறது, அறுத்தால் கடலை அளவுக்கு ஒரு துண்டு உங்கள் கையில் இருக்கும், அது பறந்துபோனால் தூளில் கிடைக்காது. ஓலையில் எழுதிய காலத்தில் எழுத்தாணி ஓலையைப் பொத்துவிடும் என்று புள்ளியையே பெரும்பாலும் விட்டுவிட்டார்கள், அவர்கள் புத்திசாலிகள். நீங்கள் விட முடியாது, ஓனரம்மா சும்மா இருக்க மாட்டார். ஒன்று, பின்னால் ஒரு முழுப் பலகை வைத்து எழுத்தையும் புள்ளியையும் அதன்மேல் ஒட்டுங்கள். இல்லாவிட்டால் புள்ளிக்கும் எழுத்துக்கும் நடுவில் மெல்லிசாக ஒரு பாலம் விட்டு வரைந்துகொள்ளுங்கள்.

க, ன மாதிரி எழுத்துகளுக்குள் மூடிய வட்டம் இருக்கிறது பாருங்கள், அதற்கு உள்ளே டிரில்லில் ஓட்டை போட்டு, பிளேடின் ஒரு முனையைக் கழற்றி ஓட்டைக்குள் நுழைத்து, திரும்ப மாட்டி அறுக்க வேண்டும். எப்போதும் உள் வேலை முதலில், வெளிக்கோடு கடைசியில். வெளியை முதலில் அறுத்துவிட்டால் பிடித்துக்கொள்ள ஒன்றும் இருக்காது, விரல்தான் பிளேடுக்குப் பக்கத்தில் போகும்.

ராயபுரம் மரத்தூள் எழுதியது:

ஐயா சொன்னது சரி, ஆனால் அக்கா கண்டிப்பாக மெஷின் வாங்கத்தான் போகிறார், அந்தக் கேள்வியின் தொனியே சொல்கிறது. அதனால் மெஷின் பற்றி நான்.

தம்பியிடம் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அங்கே கரண்ட் 120 வோல்ட், நமக்கு 230. நேராகச் செருகினால் புகைதான். இறக்கிக் கொடுக்கிற டிரான்ஸ்ஃபார்மர் வைக்கலாம், ஆனால் அதைவிடப் பெரிய விஷயம் எடை. எல்லாரும் புகழ்கிற டிவால்ட் 788 மாடல் 20 அங்குல மெஷின், சுமார் 25 கிலோ. விமானத்தில் ஒரு பெட்டிக்குப் பொதுவாக 23 கிலோ. உங்கள் தம்பி சட்டை துணிமணி எதுவும் இல்லாமல் வந்தாலும் கணக்கு இடிக்கும். எடை அதிகம் என்பது இந்த மெஷினில் குறை இல்லை, வெயிட் இருந்தால்தான் அதிராது. 16 அங்குலம், 20 அங்குலம் என்று சொல்வது பிளேடிலிருந்து பின்னால் உள்ள தூண் வரைக்கும் இருக்கிற இடைவெளி, அவ்வளவு அகலமான பலகையைச் சுற்ற முடியும் என்று அர்த்தம். எழுத்துக்கு 16 தாராளம்.

இங்கே வாங்கினால் ஒன்றே ஒன்று பாருங்கள். பிளேடு முனையில் குறுக்கே சின்னக் கம்பி வைத்தது ஒரு வகை, பின் (pin) பிளேடு. கம்பி இல்லாமல் மொட்டையாக இருப்பது இன்னொரு வகை. நான் ஆசையில் பின் பிளேடு மட்டும் போடுகிற மெஷின் ஒன்றை வாங்கி ஏமாந்தவன். அந்தக் கம்பி நுழைய 5, 6 மில்லிமீட்டர் ஓட்டை போட வேண்டும், க-வுக்குள் இருக்கிற வட்டமே அவ்வளவுதான்! மொட்டை பிளேடு என்றால் ஒன்றரை மில்லிமீட்டர் ஓட்டை போதும். இரண்டும் மாட்டலாம் என்று இருக்கும் மெஷினாகப் பார்த்து வாங்குங்கள். வேகம் கூட்டிக் குறைக்கிற குமிழும் வேண்டும், புதிதாகப் பழகுகிறவர் மெதுவாக வைத்துத்தான் பழக வேண்டும்.

நம்பர் கேட்டீர்கள். நம்பர் ஏற ஏற பிளேடு தடிமன். 6 மில்லிமீட்டர் பிளைவுட்டுக்கு 3, முக்கால் அங்குல மரத்துக்கு 5, ஒரு அங்குல தேக்கு மாதிரி கனமானதற்கு 7. ரிவர்ஸ் டூத் என்று கேளுங்கள், கீழே சில பல் மேல்நோக்கித் திரும்பியிருக்கும், பலகையின் அடிப்பக்கம் சிராய் சிராயாகப் பிய்ந்து வராது. நான் ஸ்விட்சர்லாந்து பெகாஸ் வாங்குகிறேன், டஜன் கணக்கில்தான் வாங்க வேண்டும். ஒரு பிளேடு கால் மணி, அரை மணி நேரம் அறுத்தாலே மழுங்கிவிடும், உங்கள் ஊசி மாதிரி மாதக்கணக்கில் வரும் என்று நினைக்காதீர்கள்.

மரத்துக்கு வால்டாக்ஸ் ரோடு இருக்கவே இருக்கிறது, கடையில் விழும் துண்டைக் கேளுங்கள், முழு ஷீட் வாங்காதீர்கள். நம் பக்கம் கன்டெய்னர் யார்டிலிருந்து வருகிற பேக்கிங் பலகை, பைன் மரம், பழகுவதற்கு வெண்ணெய் மாதிரி. ஆனால் அதில் முத்திரை பார்த்து எடுங்கள். எச்.டி. (HT) என்றிருந்தால் சூடு காட்டியது, பரவாயில்லை. எம்.பி. (MB) என்றிருந்தால் மெத்தில் புரோமைடு புகை போட்டது, தொடவே வேண்டாம், அதிலும் பேரன் வாயில் வைக்கப்போகிற எழுத்துக்கு நிச்சயம் வேண்டாம்.

கடல் காற்றுக்கு மேஜை இரும்பு நாலே நாளில் துருப்பிடிக்கும் (ராயபுரத்தில் எனக்கு அப்படி, உங்களுக்குக் கொஞ்சம் தாமதமாகலாம்). வேலை முடிந்ததும் துடைத்துவிட்டு மெழுகுவர்த்தியைத் தேய்த்துத் துணியால் மினுக்கிவிடுங்கள், மரமும் வழுக்கிக்கொண்டு போகும். மெஷினை போல்ட் போட்டு இறுக்கி, அடியில் ரப்பர் ஷீட் போட்டால் பாதி சத்தம் போய்விடும். துப்பட்டா, முந்தானை, கண்ணாடி வளையல் எல்லாம் தூரம். தூள் மாவு மாதிரி பறக்கும், என் 95 மாஸ்க் போடுங்கள்.

எம்.சி. ரோடு தையல் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. தம்பியிடம் சொல்லிவிட்டேன், அவனுக்கு நிம்மதி. ஐயா சொன்னபடி மூன்று வாரம் கையால் அறுத்தேன், அ-வின் வயிற்றில் பத்து முறை உடைத்தேன், அப்புறம் இந்த மரத்தூள் தம்பி சொன்ன மாதிரியே ஆசை அடங்காமல் இரண்டு வகை பிளேடும் மாட்டுகிற 16 அங்குல மெஷின் வாங்கிவிட்டேன். இப்போது புலம்பல். முதல் நாளே 5 பிளேடு போச்சு. பக்கத்துக் கேரம் கிளப்பில் உடைந்த போர்டு ஒன்று கிடைத்தது, அந்த பிளையில் அறுத்தால் ஓரமெல்லாம் கருகி தோசைக்கல் வாசனை வருகிறது. கோடு நேராக இருந்தாலும் பிளேடு ஒரு பக்கமாகவே இழுக்கிறது. ஒரு தடவை பலகை டப் டப்பென்று குதித்தது, பயந்து சுவிட்சை அணைத்துவிட்டேன்.

பெரம்பூர் உளி எழுதியது:

குதித்தால் பிளேடைத் தலைகீழாக மாட்டியிருக்கிறீர்கள். விரலை லேசாகக் கீழிருந்து மேலே தடவிப் பாருங்கள், பல் குத்த வேண்டும். மெஷின் நின்ற பிறகு, சொல்லவே வேண்டாம்.

கேரம் போர்டு பிளை கெட்டியானது, ஒட்டுப் பசை அடுக்கடுக்காக இருக்கும், பிளேடைச் சீக்கிரம் மழுக்கிவிடும். கேரமில் உலக சாம்பியன்களைத் தந்த ஊர் நம்முடையது, அந்த பலகையை அறுக்க உங்களுக்கு எப்படி மனசு வந்ததோ. பழக அது வேண்டாம், பைன் எடுங்கள்.

பிளேடு உடைவதற்கு நீங்கள் அவசரப்பட்டுத் தள்ளுவதுதான் காரணமாக இருக்கும். துணியைப் பின்னால் நின்று இழுத்தால் ஊசி உடையுமா உடையாதா? அதேதான். கை வழி மட்டும் காட்டட்டும், பல் தின்கிற வேகத்துக்கு மரம் போகட்டும்.

ராயபுரம் மரத்தூள் எழுதியது:

ஒரு பக்கம் இழுப்பது உங்கள் தப்பு இல்லை அக்கா. பல் வெட்டும்போது பிளேடின் ஒரு பக்கம் பிசிறு நிற்கிறது, அந்தப் பக்கம் கொஞ்சம் அதிகம் கடிக்கும், எல்லா பிளேடும் இப்படித்தான். பலகையைக் கொஞ்சம் சாய்த்துக் கொடுத்தால் கோட்டில் போகும், இரண்டு வாரத்தில் யோசிக்காமலே வரும். இறுக்கம் போதுமா என்று பார்க்க விரலால் மீட்டுங்கள், டிங் என்று கணீரென்று கேட்க வேண்டும், தொளதொளவென்று இருந்தால் அதனாலும் உடையும். கருகுவதற்கு வேகத்தைக் குறைத்து, கோட்டின்மேல் பார்சல் ஒட்டுகிற பிளாஸ்டிக் டேப்பை ஒட்டிவிட்டு அறுங்கள். மரத்தின்மேல் முதலில் மாஸ்கிங் டேப், அதன்மேல் எழுத்து வரைந்த தாள், கடைசியில் இந்த டேப். அறுத்த பிறகு எல்லாம் சேர்ந்து உரிந்து வந்துவிடும், சுரண்ட வேண்டாம்.

பொன் தூள், சவுகார்பேட்டை எழுதியது:

ஒரு சின்னச் சேர்க்கை. எங்கள் நகைப்பட்டறையில் வில் ரம்பத்துக்குப் போடுகிற பிளேடும் மொட்டை முனைதான், நீளமும் 130 மில்லிமீட்டர் சுமார், ஸ்க்ரோல் சாவில் உட்காரும். அவசரத்துக்கு நகைப்பட்டறை சாமான் விற்கும் கடையில் கிடைக்கும். ஆனால் பல் ரொம்ப நெருக்கம், தடித்த மரத்தில் தூள் அடைத்துக்கொண்டு கருக்கும். 2, 3 மில்லிமீட்டர் மெல்லிசுக்கும் பித்தளைத் தகட்டுக்கும் மட்டும்.

எம்.சி. ரோடு தையல் எழுதியது:

பலகை முடிந்தது! ஓனரம்மா வாசலில் மாட்டியாச்சு. எல்லாம் பைன், பின்னால் 6 மில்லிமீட்டர் பிளைவுட். தள்ளாமல் விட்டுக்கொடுத்து அறுத்ததில் கடைசி மூன்று எழுத்துக்கு ஒரே பிளேடு. ஆனால் ஐயா சாபம் பலித்துவிட்டது, ம்-மின் புள்ளி ஒட்டுவதற்கு முன்னாலேயே எங்கோ போய்விட்டது, மாடி முழுக்கப் பெருக்கிப் பார்த்தேன். கடையில் மர பட்டன் ஒன்று அதே அளவில் இருந்தது, அதை ஒட்டி பெயிண்ட் அடித்துவிட்டேன்.

காசிமேடு காத்து எழுதியது:

பட்டனில் நாலு ஓட்டை இருக்குமே அக்கா?

எம்.சி. ரோடு தையல் எழுதியது:

மரத்தூளையும் ஃபெவிகாலையும் குழைத்து அடைத்தாச்சு. ஓனரம்மா இன்னும் கண்டுபிடிக்கவில்லை. நீங்கள் யாரும் அந்தத் தெருப்பக்கம் வந்தால் வாயைத் திறக்காதீர்கள்.