மறு: பியர் ரிவ்யூ – ‘சக மதிப்பாய்வு’ சரிதானா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

ஆய்விதழ்களை இணையத்தில் நடத்த உதவும் ஓபன் ஜர்னல் சிஸ்டம்ஸ் என்ற மென்பொருளின் திரைச்சொற்களைத் தமிழாக்கும் இந்த இழையை முதலிலிருந்து படித்தேன். பியர் ரிவ்யூவுக்கு, அதாவது ஒரு கட்டுரையை வெளியிடும் முன் அதே துறையைச் சேர்ந்தவர்கள் படித்துக் கருத்துச் சொல்வதற்கு, ‘சக மதிப்பாய்வு’ போதும் என்று மூன்று பேர் சொல்லியிருக்கிறீர்கள். எனக்கு உடன்பாடில்லை.

சகபயணி, சக ஊழியர் என்று ‘சக’வை ஆள்களோடு சேர்த்துத்தான் சொல்கிறோம். செயலோடு சேர்த்தால் கூடிச் செய்வது என்ற பொருள் வந்துவிடுகிறது. நாலு பேர் ஒன்றாக உட்கார்ந்து கட்டுரையைப் பார்ப்பார்கள் என்று புதியவர் நினைப்பார். நடப்பதோ வேறு. பதிப்பாசிரியர் இரண்டு மூன்று பேருக்குத் தனித்தனியே அனுப்புகிறார். அவரவர் தனியே படித்து எழுதுகிறார்கள். ‘ஒப்பார்’ நல்ல பழஞ்சொல், ஆனால் காதில் ஒப்பாரி விழுகிறது. ‘இணையர்’ இன்று கணவன் மனைவிக்கு ஆகிவிட்டது. ‘துறைசார் மதிப்பாய்வு’ என்றால் அரசு ஊழியர் மீதான துறைசார் விசாரணை நினைவுக்கு வருகிறது.

என் முன்மொழிவு ‘துறையறிஞர் மதிப்பாய்வு’. சமமானவர் என்ற பொருள் இதில் மங்குகிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் அந்தத் துறையிலேயே வேலை செய்கிற ஒருவர் படித்துப் பார்க்கிறார் என்பது உடனே புரிகிறது. நீளம் என்று தோன்றினால், இதழின் கொள்கைப் பக்கத்தில் மட்டும் முழுத்தொடரை வைத்துக்கொண்டு பொத்தான்களில் ‘மதிப்பாய்வு’ என்று விட்டுவிடலாம்.

‘மதிப்புரை’ மட்டும் வேண்டவே வேண்டாம். நான் ஒரு சிறிய ஆய்விதழில் உதவிக்கொண்டிருந்தபோது, ஒரு மூத்த பேராசிரியருக்கு ‘இக்கட்டுரைக்கு மதிப்புரை எழுதித் தருக’ என்று மின்னஞ்சல் அனுப்பினோம். மூன்று பக்கம் பாராட்டு வந்தது, அணிந்துரை மாதிரி. அவர் மேல் தவறே இல்லை. தமிழில் மதிப்புரை என்றால் வெளிவந்த நூலுக்கு எழுதுவது. வெளியிடலாமா, எங்கே ஓட்டை, எதைத் திருத்த வேண்டும் என்று கேட்கிறோம் என்பது அந்தச் சொல்லில் இல்லை. அன்று எங்களுக்கு இரண்டு மாதம் போயிற்று. ‘மதிப்பீடு’ விடைத்தாள் திருத்துவதோடு ஒட்டிப்போன சொல், அதுவும் சரிவராது.

ரிவ்யூவரை ‘நடுவர்’ எனலாம் என்ற யோசனை அழகாக இருக்கிறது. ஆனால் பட்டிமன்ற நடுவர் தீர்ப்பு சொல்பவர். இந்த மென்பொருளில் மதிப்பாய்வாளர் தருவது பரிந்துரைதான். ஏற்கலாம், திருத்தம் தேவை, திருத்தி மறு மதிப்பாய்வுக்கு அனுப்பலாம், வேறு இதழுக்கு அனுப்பலாம், மறுக்கலாம், கருத்துரையைப் பார்க்க என்று ஆறில் ஒன்றைத் தேர்கிறார். முடிவு பதிப்பாசிரியருடையது. இருவர் ஏற்கலாம் என்றாலும் அவர் மறுக்க முடியும். ஆகவே ‘மதிப்பாய்வாளர்’, ‘பரிந்துரை’, ‘முடிவு’ மூன்றையும் கலக்காமல் வைத்துக்கொள்வோம்.

புலவர் தன் நூலை அவையில் படித்துக் காட்டி ஒப்புதல் பெறும் அரங்கேற்றத்தை இந்த இழையில் நினைவூட்டிய அம்மாவுக்கு நன்றி. தொல்காப்பியப் பாயிரம், தொல்காப்பியர் தன் நூலை நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில் அதங்கோட்டு ஆசானுக்கு ‘அரில் தபத் தெரிந்து’ காட்டியதைச் சொல்கிறது. அரில் என்றால் குற்றம். குற்றம் நீங்க ஆராய்வது என்ற நினைப்பு நம்மிடம் அவ்வளவு பழையது என்பதில் எனக்கும் மகிழ்ச்சி. ஆனால் அது அவையில் முகத்துக்கு முகம் நடந்தது. இங்கே பெரும்பாலும் யார் எவர் என்றே தெரியாமல் நடக்கிறது.

அந்தத் தெரியாமைக்கு நல்ல சொல் தேவை. டபுள் பிளைண்டை ‘இரட்டைக் குருட்டு மதிப்பாய்வு’ என்று பல இடங்களில் பார்க்கிறேன். மனம் ஒப்பவில்லை. பார்வையற்ற ஆய்வாளர் ஒருவர் தன் கட்டுரையை அனுப்பும் பக்கத்தில் இந்தச் சொல்லைத் திரைவாசிப்பான் படித்துக் காட்டினால் எப்படி இருக்கும்? இந்த மென்பொருளின் ஆங்கிலப் பதிப்பே பிளைண்டைக் கைவிட்டு அனானிமஸ் என்று மாறிவிட்டது. அவர்கள் விட்டதை நாம் புதிதாக எடுத்துச் சுமக்க வேண்டுமா? மறைப்பது பெயரைத்தானே. ‘பெயர்மறை’ என்று வைப்போம். எழுதியவர், மதிப்பாய்வாளர் இருவர் பெயரும் மறைந்தால் ‘இருபுறப் பெயர்மறை’, மதிப்பாய்வாளர் பெயர் மட்டும் மறைந்தால் ‘ஒருபுறப் பெயர்மறை’, இருவரும் வெளிப்படையாக இருந்தால் ‘திறந்த மதிப்பாய்வு’. மற்ற எந்தச் சொல்லில் தோற்றாலும் எனக்குச் சரி, இதை மட்டும் தயவுசெய்து ஏற்றுக்கொள்ளுங்கள்.

அப்புறம், ‘ஆசிரியர்’. ஆத்தர், எடிட்டர், டீச்சர் மூவருக்கும் நம்மிடம் இந்த ஒரே சொல். ‘ஆசிரியருக்குச் செய்தி அனுப்புக’ என்ற பொத்தானை அழுத்துபவர், செய்தி யாருக்குப் போகிறது என்று அறியாமல் தன் பெயரை மறுபக்கத்துக்குக் காட்டிவிடக்கூடும். பெயர்மறை அங்கேயே உடைந்துவிடும். எனவே தனித்த ‘ஆசிரியர்’ திரையில் எங்குமே வரக் கூடாது. எழுதியவர் ‘கட்டுரையாளர்’, இதழை நடத்துபவர் ‘பதிப்பாசிரியர்’, பிரிவைப் பார்ப்பவர் ‘பிரிவுப் பதிப்பாசிரியர்’.

சப்மிஷனுக்கு ‘சமர்ப்பிப்பு’ என்று போட்டிருக்கிறீர்கள். எழுதியவருக்கு அது அனுப்பியது, பதிப்பாசிரியருக்கு வந்தது. இரண்டுக்கும் ஒரே தலைப்புதான் திரையில் வருகிறது. ‘ஆக்கங்கள்’ என்றால் இரு பக்கமும் பொருந்தும், நூல் மதிப்புரையும் மொழிபெயர்ப்பும் கூட அடங்கும். பொத்தானில் ‘ஆக்கத்தை அனுப்புக’.

மென்பொருள் தானே அனுப்பும் மின்னஞ்சல்களின் வார்ப்புகளில் பெயர் தானாக வந்து உட்காரும் இடத்தில் ‘க்கு’, ‘இன்’ ஒட்டாதீர்கள். ‘கண்ணன்க்கு’ என்று போய்ச் சேரும். ‘அவர்களுக்கு’, ‘அவர்களின்’ என்று தனிச்சொல்லாக எழுதினால் எந்தப் பெயருக்கும் பொருந்தும், மரியாதையும் ஆயிற்று.

ஜான் வில்லின்ஸ்கி 1998-இல் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தொடங்கிய பப்ளிக் நாலெட்ஜ் புராஜெக்டின் மென்பொருள் இது. கட்டற்ற உரிமம், இலவசம். ஒரு சின்னக் கல்லூரியின் தமிழ்த்துறைகூடத் தன் வழங்கியில் (சர்வரில்) நிறுவிக்கொள்ள முடியும். திரையில் தமிழ் தடுமாறினால் அவர்கள் ஆங்கிலத்துக்கே மாற்றிக்கொண்டு விடுவார்கள். அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

இன்னும் ஒரு சொல் எனக்குப் பிடிபடவில்லை. இந்த மென்பொருளில் கேலி என்று ஓர் ஆங்கிலச் சொல் வருகிறது. அச்சகத்தில் கோத்த ஈய எழுத்துகளை வைக்கும் தட்டின் பெயர் அது. இங்கே அது வாசகர் இறக்கிக்கொள்ளும் பிடிஎஃப் போன்ற இறுதிக் கோப்பைக் குறிக்கிறது. ஒலிபெயர்த்தால் கிண்டல் என்றாகிவிடும். ‘வெளியீட்டுக் கோப்பு’ என்று இப்போதைக்குக் குறித்து வைத்திருக்கிறேன். அச்சுக்கோப்பு வேலை தெரிந்தவர்கள் குழுமத்தில் இருந்தால், இதைவிடப் பொருத்தமானது உண்டா என்று சொல்லுங்கள்.

அன்புடன்