வார் இன் தி பசிபிக்: கேரியர் எல்லாம் முதல் ஸ்ட்ரைக்லயே போகுது, எந்த ஹெக்ஸ்ல நிறுத்தணும்?

அறுகோணம்:
வணக்கம் மக்களே, வார் இன் தி பசிபிக்ங்கிற ரெண்டாம் உலகப் போர் கம்ப்யூட்டர் கேமோட அட்மிரல்ஸ் எடிஷன்ல அமெரிக்கா பக்கம் ஆடுறேன், 1942 ஜூன், மிட்வே சண்டை நேரம். என்டர்பிரைஸ், ஹார்னெட், யார்க்டவுன்னு மூணு கேரியரையும் (விமானம் தாங்கிக் கப்பல்) ஒரே டாஸ்க் ஃபோர்ஸா (கப்பல் அணி) போட்டு மிட்வே தீவுக்கு மேற்கே நாலு ஹெக்ஸ்ல (மேப்போட அறுகோணக் கட்டம்) நிறுத்தியிருக்கேன், ரியாக்ஷன் (எதிரியைப் பார்த்தா தானா நகர்ற தூரம்) 6. ஜப்பான் கேரியர் கண்ல பட்டதும் இவங்களாவே முன்னாடி ஓடுறாங்க, எதிரி மொத்தமா வந்து அடிக்கிறான், நம்ம விமானம் மட்டும் பத்தும் பதினைஞ்சுமா தனித்தனியா போய் விழுது. சேவ்ல இருந்து திரும்ப ஆடினாலும் இதேதான் நடக்குது. எதை மாத்தணும், யாராச்சும் சொல்லுங்க.

ஆழ்கடல்:
ப்ரோ முதல்ல ரியாக்ஷனை 0 ஆக்குங்க. அதை 6ல வச்சா எங்க சண்டை நடக்கணும்ங்கிற முடிவை நீங்க எடுக்கல, கேப்டன் எடுக்கிறான், அதுவும் ஆவேசமான கமாண்டர் கையில கொடுத்திருந்தா கேக்கவே வேணாம்.

ரெண்டாவது அந்த ஒரே டாஸ்க் ஃபோர்ஸ். 1942ல நேச நாட்டு டாஸ்க் ஃபோர்ஸ்ல 100 விமானம், அதோட 100 வரைக்கும் ஒரு ரேண்டம் எண், இதைத் தாண்டினா ஸ்ட்ரைக் விமானங்கள் ஒண்ணா போகாம சிதறுற வாய்ப்பு ஏறிடும், மூணு கேரியர் சேர்ந்தாலே 200க்கு மேல போயிடுது. ஜப்பானுக்கு அந்த வரம்பு 200 கூட்டல் 200, அதான் அவன் மொத்தமா வர்றான். நிஜ மிட்வே சண்டையிலயும் அமெரிக்க அட்மிரல் ஸ்ப்ரூயன்ஸ்கிட்ட என்டர்பிரைஸும் ஹார்னெட்டும், இன்னொரு அட்மிரல் ஃப்ளெட்சர்கிட்ட யார்க்டவுன்னு தனித்தனியாதான் இருந்துச்சு. கேம்ல ரெண்டா பிரிச்சு ஒண்ணை இன்னொண்ணு ஃபாலோ பண்ண விட்டு ஒரே ஹெக்ஸ்ல வைங்க, அப்பதான் மேல சுத்துற ஃபைட்டர் ரெண்டு டாஸ்க் ஃபோர்ஸையும் காக்கும்.

மூணாவது இடம், எனக்கு இதுதான் முக்கியம். மேற்கே நிக்கிறது எதிரி வர்ற வழியிலேயே நிக்கிறது. நிஜச் சண்டையில அமெரிக்கக் கேரியருங்க காத்திருந்த பாயின்ட் லக்ங்கிற இடம் மிட்வேக்கு வடகிழக்கே சுமார் 325 மைல், ஒரு ஹெக்ஸ் 40 கடல் மைல்னா எட்டு ஹெக்ஸ் பக்கம். ஜப்பான் கேரியர் தளபதி நகுமோ தீவை அடிக்கிறதுல கவனமா இருப்பான், நீங்க பக்கவாட்டுல இருந்து வரலாம். ஜப்பான் விமானத்துக்கு ரேஞ்ச் ஜாஸ்தி, நம்ம டெவஸ்டேட்டர் டார்பிடோ விமானத்துக்கு ரொம்ப கம்மி, அதனால அவன் எட்டுற ஆனா நாம எட்டாத நடு தூரத்துல டர்ன் முடியவே கூடாது. ஒண்ணு முழுசா வெளியில நில்லுங்க, இல்லன்னா ஒரே டர்ன்ல நம்ம எல்லா விமானமும் எட்டுற தூரத்துக்குள்ள புகுந்துடுங்க.

தேடல்விமானம்:
அண்ணன் சொன்னது எல்லாம் சரி, ஆனா எதிரி எங்கன்னு தெரியாம எங்க நின்னாலும் ஒண்ணுதான். மிட்வேல கேட்டலினா ரோந்து விமானம் எத்தனை நிக்க முடியுமோ நிறுத்தி நேவல் சர்ச் (கடல்ல எதிரியைத் தேடுற வேலை) போடுங்க, ஆர்க்கை (தேடுற திசை) மேற்கும் வடமேற்கும் பார்த்து வைங்க. கேரியர்ல இருக்கிற டான்ட்லெஸ் குண்டுவீச்சு விமானத்தை தேடுறதுக்குச் செலவழிச்சா அடிக்க ஆள் குறையும். அன்னைக்கு ஜப்பான்காரன் தேடலுக்குப் பெரும்பாலும் க்ரூசர்ல இருந்த மிதவை விமானத்தைத்தான் நம்பினான், டோனே கப்பலோட நாலாம் நம்பர் விமானம் அரை மணி நேரம் லேட்டா கிளம்புச்சு.

அறுகோணம்:
ரொம்ப நன்றி. இன்னொண்ணு, ராத்திரில அவன் பேட்டில்ஷிப் வந்து கேரியரைப் பிடிச்சா என்ன பண்றது? சர்ஃபேஸ் காம்பாட் க்ரூப்பை (பீரங்கிப் போர்க்கப்பல் அணி) முன்னாடி விடவா?

ஆழ்கடல்:
விடுங்க, எதிரி பக்கமா ஒண்ணு ரெண்டு ஹெக்ஸ் முன்னாடி. ஆனா அதை மட்டும் நம்பி அங்கேயே நிக்காதீங்க, அடிச்ச அன்னைக்கு ராத்திரியே கிழக்கே விலகிடணும். ஜூன் 4 ராத்திரி ஸ்ப்ரூயன்ஸ் பண்ணது அதான், ஜப்பான் கடற்படைத் தளபதி யமமோட்டோ பேட்டில்ஷிப்போட வந்துட்டு இருந்தான், துரத்திட்டுப் போயிருந்தா இருட்டுல அவன்கிட்ட மாட்டியிருப்பாங்க. காலையில திரும்ப வந்து அடிக்கலாம், அவசரமே இல்ல.

அறுகோணம்:
மாத்தி ஆடினேன், நாலும் சொன்ன மாதிரியே. ஜப்பான் கேரியர் காகாவும் சோர்யுவும் எரியுது!! யார்க்டவுனுக்கு ஒரு டார்பிடோ, வேகம் பாதிக்கும் கீழ. கூடவே வச்சுக்கவா?

தேடல்விமானம்:
வேணாம், மத்த ரெண்டையும் அது வேகத்துக்கு இழுத்துடும். உடனே பிரிச்சு எஸ்கார்ட் டாஸ்க் ஃபோர்ஸ் போட்டு பேர்ல் ஹார்பருக்கு அனுப்புங்க, டெஸ்ட்ராயர் நாலஞ்சு கூட விடுங்க, கஞ்சத்தனம் வேணாம். நிஜ யார்க்டவுன் விமானத் தாக்குதலைத் தாங்கி மிதந்துட்டுதான் இருந்துச்சு, இழுத்துட்டுப் போறப்ப ஐ-168ங்கிற ஜப்பான் நீர்மூழ்கி உள்ள புகுந்து அதையும் பக்கத்துல நின்ன ஹேமன் டெஸ்ட்ராயரையும் சேர்த்து அடிச்சுட்டுப் போயிடுச்சு.