மியன்மாரின் யாங்கோன் (மிங்களடோன்) விமான நிலையத்தில் அம்மாவுக்குச் சைவச் சாப்பாடு

கேள்வி:
அடுத்த வாரம் அம்மாவைச் சென்னைக்கு அழைத்துப் போகிறேன். வயது 71, கந்த சஷ்டி விரதம், சர்க்கரை நோயும் உண்டு. தட்டோன் ஊரிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கியதும் ஓரிடத்தில் உட்கார்ந்து சூடாகச் சாப்பிட வேண்டும். போன முறை மொய்ங்கா என்ற அரிசி நூடுல்ஸில் மீன் இல்லை என்று சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். ஒரு வாய் வைத்ததுமே வாசனை தெரிந்துவிட்டது. அன்று முழுக்க அம்மா தண்ணீர் மட்டுமே குடித்தார். அந்த முகம் இன்னும் மறக்கவில்லை. என்ன செய்யலாம்?

பதில்:
தம்பி, மொய்ங்காவைக் கேட்கவே கேட்காதீர்கள். அந்தக் குழம்பே மீனில்தான் கொதிக்கிறது, மேலே போடும் வடையும் முட்டையும் அப்புறம்தான். லப்பெட் தோக் என்ற தேயிலை சாலட்டிலும் காய்ந்த இறால் இருக்கும். "மீன் வேண்டாம்" என்றால் துண்டை மட்டும் எடுத்துவிடுவார்கள், மீன் சாறு அப்படியே இருக்கும். பர்மிய மொழியில் "தெத்தத்லுட்" என்று சொல்லுங்கள், சுத்த சைவம் என்று புரிந்துகொள்வார்கள். சாதா சோறு, பருப்பு, கீரை வதக்கல் கேளுங்கள்.

பதில்:
நான் புளியோதரை கட்டிக்கொண்டு போவேன். ரசம், தயிர் வேண்டாம் அண்ணா, 100 மில்லிக்கு மேல் இருந்தால் சோதனையில் நிறுத்திவிடுவார்கள். சோதனைக்கு முன்பே அம்மாவை உட்கார வைத்துச் சாப்பிடக் கொடுங்கள். டீக்கு சர்க்கரையும் டின்பாலும் வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்:
சரி அக்கா, சரி தம்பி. புளியோதரையே கட்டுகிறேன். அம்மாவிடம் இப்போதே சொல்லிவிட்டேன்.