ஜெர்மனி ஸ்கூல்ல பேரண்ட்ஸ் பிரதிநிதியா நிக்கச் சொல்றாங்க, பாஷை அரைகுறை, நிக்கலாமா?

நிலாஅம்மா:

வணக்கம் எல்லாருக்கும். நாங்க ஹாம்பர்க் வந்து நாலு வருஷம் ஆச்சு, பொண்ணு இப்ப ரெண்டாங்கிளாஸ். வர்ற வியாழக்கிழமை சாயந்திரம் ஏழு மணிக்கு எல்டர்ன்ஆபென்ட், அதான் பேரண்ட்ஸ் மீட்டிங். இங்க வருஷ ஆரம்பத்துல ஒவ்வொரு கிளாஸுக்கும் பெத்தவங்கள்ல ரெண்டு பேரை ஓட்டுப் போட்டு பிரதிநிதியா எடுப்பாங்க. போன வருஷம் அந்தக் குட்டி சேர்ல முட்டிய மடக்கி உக்காந்திருந்தேன், யார் நிக்கிறீங்கன்னு டீச்சர் கேட்டதும் ரூம்ல ஒரு சத்தம் இல்ல, எல்லாரும் அவங்கவங்க முன்னாடி இருந்த பேர் அட்டையவே பாத்துட்டு இருந்தாங்க, அப்புறம் ஏற்கனவே பழக்கமான ரெண்டு அம்மாக்கள் கை தூக்கினாங்க, அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிடுச்சு. இந்த வருஷம் அவங்கள்ல ஒருத்தங்க எனக்கு வாட்ஸாப்ல மெசேஜ் போட்டிருக்காங்க, கிளாஸ்ல பாதிக் குழந்தைங்க வீட்ல வேற பாஷை பேசுது ஆனா பிரதிநிதி மட்டும் எப்பவும் நாங்களாவே இருக்கோம், நீங்க நில்லுங்களேன்னு.

என் ஜெர்மன் பி1, அதான் நடுத்தர லெவல்தான், வேகமா பேசினா பாதி புரியாது. நான் படிச்ச காலத்துல அப்பாவ ஸ்கூலுக்கு கூட்டிட்டு வான்னு சொன்னா ஏதோ தப்பு பண்ணிருக்கேன்னு அர்த்தம், அவரும் ஹெச்எம் ரூம்ல நின்னுட்டே தலையாட்டிட்டு ரேங்க் கார்டுல கையெழுத்து போட்டுட்டு வந்துடுவார். அங்க இருந்து வந்துட்டு இங்க ஸ்கூல் விஷயத்துல நான் கருத்து சொல்றதான்னு இருக்கு. இந்தப் பதவிக்கு நெஜமாவே ஏதாவது அதிகாரம் உண்டா இல்ல விழாவுக்கு கேக் சுட்டுத் தர்ற வேலைதானா? வீட்டுக்காரர் வேற, நீ ஏதாவது கேட்டு டீச்சருக்கு நம்ம பொண்ணு மேல கோவம் வந்தா என்ன பண்றது, குழந்தைங்க நல ஆபீஸ் யூகென்ட்ஆம்ட் வரைக்கும் போயிடப்போகுதுன்னு பயப்படறார்.

எல்பேக்கரை:

நானும் ஹாம்பர்க்தான் மேடம், ரெண்டு பசங்களும் இங்கயே படிச்சு முடிச்சாங்க. கேக்கும் சுடணும்தான், ஆனா அதோட முடியறது இல்ல. கிளாஸ் பிரதிநிதிங்கதான் ஸ்கூலோட பேரண்ட்ஸ் கவுன்சிலுக்கு ஆள் தேர்ந்தெடுக்கறாங்க, அங்க இருந்து ஷூல்கான்ஃபரென்ஸுக்கு ஆள் போறாங்க, சட்டப்படி ஸ்கூலோட சுயநிர்வாகத்துல மேல இருக்கற முடிவெடுக்கற சபை அதுதான், அதுல டீச்சருங்களுக்கு மட்டும் இல்ல, பெத்தவங்களுக்கும் ஓட்டு இருக்கு.

நீங்க நிக்கணும்னு நான் சொல்றதுக்கு காரணம் 2010. அப்ப இங்க ஆரம்பப் பள்ளிய நாலு வருஷத்துல இருந்து ஆறு வருஷமா ஆக்கறதா ஒரு சட்டம் வந்துச்சு. பத்து வயசுலயே நீ கிம்னாசியம் (காலேஜ் படிப்புக்கு தயார் பண்ற ஸ்கூல்), நீ வேற ஸ்கூல்னு பிரிக்காம இன்னும் ரெண்டு வருஷம் எல்லாப் பசங்களும் சேந்து படிக்கட்டும்னு, சட்டசபையில இருந்த எல்லாக் கட்சியும் ஒத்துக்கிட்டாங்க. பெத்தவங்க ஒரு குழுவா சேந்து கையெழுத்து வாங்கி பொது வாக்கெடுப்புக்கு கொண்டு போனாங்க, ஜூலை 18ஆம் தேதி எண்ணினா சுமார் 2,76,000 பேர் அந்தக் குழு பக்கம், 2,18,000 பேர் சீர்திருத்தத்துக்கு. சட்டம் அடிபட்டுப் போச்சு, மேயர் அன்னிக்கே ராஜினாமா அறிவிச்சார். வசதியான ஏரியாக்கள்ல நெறைய பேர் வந்து ஓட்டு போட்டாங்க, மத்த இடத்துல ரொம்பக் கம்மி. யாரோட பசங்களுக்கு அந்த ரெண்டு வருஷம் உதவியிருக்குமோ அவங்கள்ல பல பேருக்கு ஓட்டே கிடையாது, ஜெர்மன் குடியுரிமை இல்ல. எனக்கும் இல்ல. பெரியவனுக்கு அப்ப ஏழு வயசு, நான் டிவி பாத்துட்டு உக்காந்திருந்தேன், அந்த ராத்திரி இன்னும் மனசுல இருக்கு.

கிளாஸ் பிரதிநிதி ஓட்டுக்கு யாரும் பாஸ்போர்ட் கேக்கறது இல்ல. நம்மகிட்ட இருக்கற ஓட்டு அது ஒண்ணுதான், அதையும் விட்டுட்டா எப்படி?

ஓர்ஹூஸ்அண்ணை:

தங்கச்சி, நான் டென்மார்க்கில இருக்கிறன், 89ல வந்தனான். இஞ்ச 1990ம் ஆண்டில இருந்து பள்ளிக்கூட நிர்வாகசபையில பெற்றோர்தான் பெரும்பான்மை, சட்டமே அப்பிடித்தான். வீட்டுப்பாடம் எப்பிடி இருக்கவேணும், வீட்டோட பள்ளிக்கூடம் எப்பிடித் தொடர்பு வைக்கவேணும் எண்ட கொள்கையளை அந்தச் சபைதான் முடிவெடுக்கிறது. நான் ஒரு தவணை, நாலு வருசம், அதில இருந்தனான். என்ர டேனிஷ் அப்பவும் பெரிசா இல்லை. கூட்டத்துக்கு முதல் பேப்பர் அனுப்புவினம், ராவில டிக்சனரியோட இருந்து வாசிச்சு, கேக்கவேண்டியதை ஒரு துண்டில எழுதி சட்டைப் பைக்குள்ள வைச்சுக்கொண்டு போவன்.

ஏன் போனனான் எண்டு சொல்லுறன். சின்ன வகுப்பில பிள்ளையளை நாலைஞ்சு பேராப் பிரிச்சு, முறை வைச்சு ஒவ்வொரு வீட்டுக்கும் விளையாட அனுப்புவினம், பெற்றோர்தான் ஒழுங்கு செய்யிறது. அந்தக் கடுதாசி என்ர மகளின்ர பையின்ர அடியில மடிஞ்சுபோய்க் கிடந்தது, எங்களுக்கு விளங்கேல்லை, ஏதோ நோட்டீஸ் எண்டு விட்டிட்டம். எங்கட முறை வந்தண்டைக்கு பிள்ளையள் நாலு பேர் பள்ளிக்கூட வாசல்ல ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு நிண்டதுகள், கூட்டிக்கொண்டு போக ஆள் இல்லை. மகள் வீட்ட வந்து ஒண்டும் கதைக்கேல்லை, சாப்பிடவும் இல்லை. பிறகு சபையில நான் முதல்ல கேட்டது அதுதான், கடுதாசியைச் சுருக்கமா, லேசான டேனிஷில எழுதுங்கோ, விளங்காத வீட்டுக்கு ஒரு போன் எடுங்கோ எண்டு. செய்தவை. அங்க இருந்த டேனிஷ் ஆக்கள் ஆருக்கும் அப்பிடி ஒரு சிக்கல் இருக்கு எண்டே தெரியாது, கெட்ட ஆக்கள் இல்லை, தெரியாது, அவ்வளவுதான்.

டச்சுமழை:

நெதர்லாந்துல பிரைமரி ஸ்கூல்ல எம்.ஆர்னு ஒரு கவுன்சில், பாதி பெத்தவங்க பாதி ஸ்கூல் ஸ்டாஃப். டூர், விழாவுக்கெல்லாம் வாங்கற விருப்ப நன்கொடை எவ்வளவுன்னு அதுல இருக்கற பெத்தவங்க ஒத்துக்காம ஸ்கூல் முடிவு பண்ண முடியாது. பணம் கட்டாத வீட்டுக் குழந்தைய எதுலயும் ஒதுக்கக் கூடாதுன்னு 2021 ஆகஸ்ட் 1ல இருந்து சட்டம். எங்க ஸ்கூல்ல தொகைய குறைக்கணும்னு கேட்டது ஒரு சிரியா அப்பா, அவர் தட்டுத்தடுமாறித்தான் பேசினார், எல்லாரும் காத்திருந்து கேட்டாங்க.

கருவேலம்:

உங்க வீட்டுக்காரர் பயத்துக்கு பதில் சொல்றேன். யூகென்ட்ஆம்ட் குழந்தை நலன் பாக்கற ஆபீஸ், மீட்டிங்ல கேள்வி கேட்டதுக்காக அவங்க வீட்டுக்கு வர மாட்டாங்க. குழந்தைய அடிக்கக்கூடாதுங்கறதுல மட்டும் இங்க விட்டுக்கொடுக்கறதே இல்ல, 2000ல இருந்து வன்முறை இல்லாம வளர்க்கப்படறது குழந்தையோட உரிமைன்னு சிவில் சட்டத்துலயே இருக்கு, அது நியாயம்தான்.

பெத்தவங்க கேள்வி கேட்டதால என்னெல்லாம் மாறிருக்குன்னு பாருங்க. ஸ்காட்லாந்துல அப்பல்லாம் ஸ்கூல்ல தோல் வார் வெச்சு கையில அடிப்பாங்க. 1976ல ஒரு பையன் வீட்டுக்கு போறப்ப கல்லறைத் தோட்டம் வழியா குறுக்குவழியில போகப் பாத்தான், அது கூடாதுன்னு இருந்துச்சாம், அதுக்கு அடி. அவன் கை நீட்ட மாட்டேன்னுட்டான், அப்பா சொன்னதும் அதுதான், சஸ்பெண்ட் பண்ணிட்டாங்க, அதுக்கப்புறம் அவன் ஸ்கூல் பக்கமே போகல. அவன் அம்மாவும், பையன அடிக்க மாட்டோம்னு எழுதித் தரச் சொல்லி ஸ்கூல்ல கிடைக்காத இன்னொரு அம்மாவும் ஸ்ட்ராஸ்பர்க்ல இருக்கற ஐரோப்பிய மனித உரிமை கோர்ட்டுக்கு போனாங்க, 1982ல ஜெயிச்சாங்க. பெத்தவங்களோட கொள்கைய அரசு கல்வி விஷயத்துல மதிக்கணும்னு மனித உரிமை ஒப்பந்தத்துல ஒரு வரி இருக்கு, அத வெச்சுத்தான். அப்புறம் பிரிட்டன்ல 1986ல சட்டம் போட்டு அரசுப் பள்ளிகள்ல அடிக்கறத நிறுத்தினாங்க. அதே வரிய வெச்சு பாலியல் கல்வி வேணாம்னு போன டென்மார்க் பெத்தவங்க 1976ல தோத்தாங்க, வீட்லயே படிக்க வைப்போம்னு போன ஒரு ஜெர்மன் குடும்பமும் தோத்தாங்க, அதையும் சொல்லணும், பெத்தவங்க கேட்டதெல்லாம் கிடைக்காது, கிடைக்கவும் கூடாது, குழந்தைக்குன்னு தனியா உரிமை இருக்கு.

நிலாஅம்மா:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ஓர்ஹூஸ் அண்ணா, நீங்க எழுதினத அவருக்கு படிச்சுக் காட்டினேன், ஜாக்கெட் போட்டுட்டு நின்ன குழந்தைங்க வரைக்கும் வந்ததும் அவர் போதும்னுட்டார். அப்புறம் போய் பொண்ணு பைய அவரே தொறந்து பாத்தார், அடியில ரெண்டு கடிதம் இருந்துச்சு, ஒண்ணு நீச்சல் வகுப்பு, இன்னொண்ணு என்னன்னு இன்னும் புரியல, நாளைக்கு மொழிபெயர்த்துப் பாக்கணும். அந்த அம்மாவுக்கு சரின்னு மெசேஜ் போட்டுட்டேன். வியாழக்கிழமை அவர் சீக்கிரம் வந்து பொண்ணப் பாத்துக்கறார். எல்பேக்கரை சார், நிக்கறவங்க எழுந்து நின்னு பேசணுமா இல்ல உக்காந்தே பேர் சொன்னா போதுமா? ரெண்டு வரி எழுதி வெச்சுருக்கேன்.

எல்பேக்கரை:

உக்காந்தே சொல்லலாம் மேடம். பேரு, எந்தக் குழந்தையோட அம்மா, அவ்வளவுதான். மொதல்ல புரியாதது இருந்தா ‘மெதுவா சொல்லுங்க’ன்னு கேட்டுடுங்க, ரூம்ல இன்னும் நாலு பேருக்கு அது தேவைப்படும்.