சங்கிலி மடங்க மறுத்த கதைகள்: உங்கள் அனுபவம் என்ன?

பெப்டைடு, அதாவது அமினோ அமிலங்கள் கோத்த குட்டிச் சங்கிலி, தயாரிக்கும் ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். ஒரு அமினோ அமிலத்தின் கார்பாக்சில் முனை அடுத்ததன் அமினோ முனையோடு இணையும், ஒரு நீர் மூலக்கூறு வெளியேறும் என்று பாடநூல் ஒரே வரியில் முடித்துவிடும். ஆய்வக மேசையில் அது அவ்வளவு லேசில் நடப்பதில்லை.

வேதியியலாளர் மெரிஃபீல்டு 1963-இல் வெளியிட்ட முறைதான் எங்களுக்கும் அடிப்படை. வரிசையின் கடைசி அமினோ அமிலத்தைப் பிசின் மணியில் பிணைத்துவிட்டு, பின்னாலிருந்து முன்னோக்கி ஒவ்வொன்றாகச் சேர்ப்போம். செல்லுக்குள் புரதம் கோக்கும் ரைபோசோம் வேலை செய்வது இதற்கு நேர் எதிர்த் திசையில். ஒவ்வோர் இணைப்பும் முடிந்ததும் சில மணிகளை எடுத்து, நின்ஹைட்ரின் விட்டுச் சூடாக்கிப் பார்ப்பேன். நீலமானால் இணையாத முனைகள் மிச்சம் இருக்கின்றன என்று பொருள். முனையில் புரோலின் என்ற அமினோ அமிலம் இருந்தால் இந்தச் சோதனையை நம்பக் கூடாது. அதன் நைட்ரஜன் வளையத்துக்குள் சிக்கியிருப்பதால் அந்த நீலம் வராது.

இவ்வளவு கெடுபிடி ஏன் என்றால், 30 அமினோ அமிலங்களுக்கு 29 இணைப்புகள். ஒவ்வொன்றும் 99 சதவீதம் நடந்தால் முழுச் சங்கிலி ஏறக்குறைய 75 சதவீதம் கிடைக்கும். 95 சதவீதம் என்றால் கால் பங்குகூடத் தேறாது.

ஒரு வரிசையில் வாலினும் ஐசோலூசினும் அடுத்தடுத்து வந்தன. ஆரம்பத்தில் ஒழுங்காக வளர்ந்த சங்கிலி, நடுவழியில் முரண்டு பிடித்தது. மறுபடி மறுபடி இணைத்தும் நீலம் போகவில்லை. மணிகள் வேறு சுருங்கிவிட்டன. அருகருகே வளர்ந்த சங்கிலிகள் ஹைட்ரஜன் பிணைப்புகளால் ஒன்றையொன்று பற்றி, பீட்டா தகடு எனப்படும் தட்டையான வடிவம் போல அடுக்கிக்கொண்டதுதான் காரணம். வரிசையில் முன்னதாகவே இருந்த ஒரு செரினுக்குப் பதிலாக, போலி புரோலின் எனப்படும் வளைய வடிவத்தை வைத்துப் புதிதாகத் தொடங்கினோம். அந்த இடத்தில் சங்கிலி வளைந்தது, அடுக்கு குலைந்தது, மணிகள் பழையபடி உப்பின. இறுதியில் அமிலம் சேர்த்ததும் அது செரினாகவே மாறிவிடும். பாதிச் சங்கிலிக்கே இத்தனை பிடிவாதம்!

உங்களுக்கு இப்படி ஏதாவது நேர்ந்திருக்கிறதா?

மறுமொழி 1

நான் ஆசிரியை. பிடிவாதம் என்றீர்களே, என் வகுப்பில் அதை மாதிரியை வைத்தே காட்டுவேன். சங்கிலி என்றதும் எல்லா மூட்டிலும் தாராளமாகச் சுழலும் என்று மாணவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். பெப்டைடு பிணைப்பு சுழலாது. சாதாரண கார்பன்-நைட்ரஜன் ஒற்றைப் பிணைப்பின் நீளம் சுமார் 1.47 ஆங்ஸ்ட்ராம், இங்கே 1.33 தான். பாதி இரட்டைப் பிணைப்பு, ஆகவே தட்டையாக நிற்கிறது. மிஞ்சுவது ஒவ்வோர் அமினோ அமிலத்தின் நடுவிலுள்ள ஆல்ஃபா கார்பனின் இருபுறமும் உள்ள ஃபை, சை என்ற இரண்டு கோணங்கள்.

அவற்றையும் இஷ்டத்துக்குத் திருப்ப முடியாது. மாதிரியைக் கையில் கொடுத்துத் திருப்பச் சொன்னால், சற்று நேரத்தில் "டீச்சர், இடிக்கிறது" என்று குரல் வரும். ராமச்சந்திரன், ராமகிருஷ்ணன், சசிசேகரன் மூவரும் 1963-இல் சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து வெளியிட்ட வரைபடம் இந்த இடிபாட்டின் கணக்குதான். எந்தெந்தக் கோணங்களில் அணுக்கள் மோதாதோ அவை மட்டும் அதில் அனுமதிக்கப்பட்ட பகுதிகள். புரதச் சங்கிலி வழக்கமாக எடுக்கும் வடிவங்களான ஆல்ஃபா சுருளும் பீட்டா தகடும் அங்கேதான் விழுகின்றன. பக்கத்தொடராக வெறும் ஹைட்ரஜன் மட்டுமே கொண்ட கிளைசினுக்கு அந்தப் படத்தில் இடம் அதிகம்.

மறுமொழி 2

எங்கள் தொல்லை அதற்கு அடுத்த கட்டம். பாக்டீரியாவில் உற்பத்தியான புரதம் கரையாத கட்டிகளாகத் திரண்டுவிடும். 8 மோலார் யூரியாவில் கரைத்து மடிப்பையெல்லாம் பிரித்துவிட்டு, பிறகு யூரியாவை நீக்கினால் தானாக மடிய வேண்டும். வடிவத்துக்கான தகவல் வரிசையிலேயே இருக்கிறது என்று ரைபோநியூக்ளியேஸ் என்ற நொதியை வைத்து உயிர்வேதியியலாளர் ஆன்ஃபின்சென் நிறுவியது இதே வழியில்தான். அந்த நொதியில், கந்தகத்தால் ஒன்றோடொன்று பிணையக்கூடிய சிஸ்டீன் என்ற அமினோ அமிலம் 8 இடங்களில் உண்டு. நான்கு ஜோடிகளாக அவை சேர 105 வழிகள் உண்டு. யூரியா இருக்கும்போதே ஜோடி சேரவிட்டால் கண்டபடி சேர்ந்து, செயல்திறன் ஏறக்குறைய ஒரு சதவீதத்தில் நின்றுவிடும்.

எங்கள் புரதம் அந்த அளவுக்குச் சாது அல்ல. யூரியாவைச் சட்டென்று குறைத்தால் கண்ணெதிரிலேயே கரைசல் பால்போல் கலங்கும். சங்கிலி தன்னுள் மடிவதற்கு முன்பே, நீரை வெறுக்கும் பகுதிகள் பக்கத்துச் சங்கிலியோடு ஒட்டிக்கொள்வதுதான் காரணம். குளிர் அறையில், நிறைய கரைசலுக்குள் புரதத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, அர்ஜினின் என்ற அமினோ அமிலமும் சேர்த்த பிறகுதான் தெளிவாக நின்றது. முதல் பதிவிட்டவருக்கு ஒரு கேள்வி: பிசினில் அடுக்கிக்கொள்ளும் வரிசைகளை முன்கூட்டியே கண்டுபிடிக்க என்ன செய்கிறீர்கள்?